சத்திரத்து உறவும் மலைவழி உறவும்

சேலத்திலிருந்து நாமக்கல் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் எங்கள் புதுச்சத்திரம். ஊரின் பெயரே வழிப்போக்கரை நினைவூட்டும். நடந்து களைத்தோர் இளைப்பாறவும், கட்டுச்சோற்று மூட்டையைப் பிரித்து உண்ணவும் இடம் தந்தவை சத்திரங்கள். ஓர் இரவு ஒரே கூரையின்கீழ்ப் படுத்து, ஒரே கிணற்று நீரைப் பருகி, ஊர்க்கதை பேசி, விடிந்ததும் ஆளுக்கொரு திசையாகப் பிரிந்து போவது சத்திரத்து உறவு. அதில் இனிமை உண்டு, கடமை இல்லை. கல்விக்கூடங்கள் மாணவரை ஒன்றுபடுத்தும் நோக்குடன் மேற்கொள்ளும் வெளிப்பயணங்கள் இத்தகைய சத்திரத்து உறவோடு நின்றுவிடுகின்றனவா, அதனையும் கடந்து நிலைக்கின்றனவா என்னும் வினா எங்களுக்கு நெடுநாளாகவே உண்டு. அவ்வினாவை இம்மலரின் வாயிலாகத் தமிழ் பயிலும் இளையோர்முன் வைக்க விழைகிறோம்.

புதுச்சத்திரத்தையும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களையும் சேர்ந்த நாங்கள் பத்தாம் வகுப்பு வரை ஒரு கிறித்தவப் பள்ளியில் பயின்றவர்கள். அன்று எங்கள் பகுதி சேலம் மாவட்டத்தில் இருந்தது. நாமக்கல் மாவட்டம் பிறந்தது 1997 சனவரி முதல் நாளில்தான். குச்சிக்கிழங்கும் சோளமும் நிலக்கடலையும் விளையும் வறண்ட நிலம். இந்துக்கள், இசுலாமியர், கிறித்தவர் என முச்சமயத்தாரும் எங்கள் வகுப்பில் இருந்தோம். ஊருக்குள் இருப்போர் வீட்டுப் பிள்ளைகளும் ஊருக்கு வெளியே வைக்கப்பட்டோர் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பலகையில் அமர்ந்தோம். ஆயினும் மாலை மணி அடித்தவுடன் அவரவர் தெரு அவரவரை இழுத்துக்கொள்ளும். எங்கள் பள்ளி ஆண்டுதோறும் கொல்லிமலைக்கு அழைத்துச் சென்ற பயணத்தின் நோக்கமே அந்த இழுவிசையைச் சிறிதேனும் தளர்த்துவதுதான் என்பதைப் பின்னாளில்தான் உணர்ந்தோம்.

மரபின் வழி

இவ்வழக்கம் எங்கள் பள்ளி கண்டுபிடித்த புதுமையன்று. 1907ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரௌன்சீ தீவில் பேடன் பவல் ஒரு முகாம் நடத்தினார். செல்வர் பயிலும் பள்ளிகளின் மாணவரும் உழைப்பாளர் வீட்டுச் சிறுவரும் அதில் கலந்து சிறுசிறு அணிகளாகப் பிரிக்கப்பட்டனர். சேர்ந்து சமைத்தனர், சேர்ந்து உறங்கினர். சாரணர் இயக்கத்தின் விதை அதுவே. ஆனால் அவ்வியக்கம் நம் நாட்டுக்கு வந்தபோது இந்தியச் சிறுவர்க்குத் தொடக்கத்தில் இடம் தரவில்லை. ஆகவே அன்னி பெசன்ட் அம்மையார் 1916இல் சென்னையில் இந்தியச் சிறுவர்க்கென ஒரு சாரணர் அமைப்பைத் தொடங்கினார். பேடன் பவல் 1921இல் இந்தியா வந்த பின்னரே அந்தச் சுவர் தளர்ந்தது. பாரத சாரண சாரணியர் இயக்கம் 1950இல் உருவாயிற்று. ஒற்றுமையைக் கற்பிக்கப் புறப்பட்ட இயக்கமே முதலில் வாயிலில் ஒரு வேலியை நட்டிருந்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

தமிழகத்தில் இத்தகைய பயணங்களுக்குப் பெயர் பெற்றது கோடைக்கானல். 1901இல் அமெரிக்க மறைப்பணியாளர்கள் தம் பிள்ளைகளுக்கெனத் தொடங்கிய ஹைகிளர்க் பள்ளியே இன்றைய கோடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி. பழனிமலைத் தொடரில் நெடுநடை செல்வதும், கூடாரமடித்துத் தங்குவதும் அப்பள்ளியின் நீண்ட மரபு. எங்கள் பகுதிக்கு அண்மையிலோ, ஏற்காட்டில் கபிரியேல் சபை அருட்சகோதரர்கள் 1917இல் நிறுவிய மாண்ட்போர்ட் பள்ளி உள்ளது. மலையே அங்கு வளாகம். இவை விடுதிப் பள்ளிகள். அங்குள்ள பிள்ளைகள் இரவும் பகலும் ஒன்றாகவே வாழ்வோர். நாங்களோ வீட்டுச் சோற்றைத் தூக்குப் போசியில் கொண்டுவந்து உண்டு, மாலையில் வீடு திரும்பியவர்கள். எங்களுக்கு மலை என்பது வகுப்பறைச் சன்னலுக்கு வெளியே நீலமாய்த் தெரிந்த ஒரு கோடு.

மண்ணள்ளிக் காட்டிய முதியவர்

அந்த நீலக் கோட்டுக்குள்ளும் ஒரு கல்வி வரலாறு இருந்தது. ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்னும் ஆங்கிலேய மறைப்பணியாளர் இணையர் 1913ஆம் ஆண்டளவில் கொல்லிமலையில் குடியேறினர். மருத்துவமும் கல்வியும் அவர்தம் பணிகள். அவர்களின் மகன் பால் பிராண்ட் 1914இல் பிறந்தார். பிற்காலத்தில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை அறுவை மருத்துவத்தால் மீண்டும் இயங்கச் செய்து உலகப் புகழ் பெற்றவர் அவர். ஜெஸ்ஸி பிராண்ட் 1929இல் காய்ச்சலுற்று அம்மலையிலேயே மறைந்தார். ஈவ்லின் அம்மையாரோ முதிர்ந்த வயதிலும் மலைமக்களிடையே உழைத்து, 1974இல் மறைந்தார்.

ஜெஸ்ஸி தம் மகனை மலைவழிகளில் அழைத்துச் சென்று கறையான் புற்றையும் சிலந்தி வலையையும் காட்டிக் கற்பித்தார் என்பர். ஆயினும் பால் பிராண்ட் தம் மலைவாழ்வைப் பற்றிப் பின்னாளில் எழுதிய ஒரு கட்டுரையில் பெரிதும் போற்றுவது வேறோர் ஆசிரியரை. படிக்கட்டுப் படிக்கட்டாக அமைந்த நெல்வயலில் சிறுவர்கள் தவளை பிடித்து விளையாடிச் சேற்றைக் கலக்கினர். வாய்க்கால்களைக் காத்து வந்த மலைமுதியவர் ஒருவர் வந்து ஒரு கை சேற்றை அள்ளிக் காட்டினார். இந்த மண் எங்கள் முன்னோர்க்கும் சோறிட்டது. கலங்கிய நீரோடு கீழே போன மண் ஒருநாளும் மேலேறி வாராது என்னும் கருத்தை அச்சிறுவர்க்கு உணர்த்தினார். அடிக்கவில்லை; ஏசவில்லை. கற்பிக்க வந்தவரின் பிள்ளைக்கு மலைமகன் ஒருவர் கற்பித்த பாடம் அது. வெளிப்பயணம் பற்றி நாங்கள் அறிந்த செய்திகளுள் எங்கள் நெஞ்சில் ஆழப் பதிந்தது இதுவே. மலைக்குச் செல்வோர் அங்குள்ள மரத்தையும் அருவியையும் கண்டால் மட்டும் போதாது. அங்குள்ள மனிதர்க்கு மாணவராகவும் வேண்டும்.

கட்டணமும் கால்நடையும்

இனி எங்கள் கதைக்கு வருவோம். 1986இல் நாங்கள் பத்தாம் வகுப்பில் இருந்தோம். அவ்வாண்டுப் பயணத்திற்கு ஆளுக்கு 60 ரூபாய் என்று அறிவிப்பு வந்தது. வேன் வாடகை, உணவு, தங்கும் செலவு எல்லாம் அதில் அடக்கம். எங்கள் வகுப்பில் 42 பேர். பெயர் கொடுத்தோர் 31 பேர். எஞ்சிய 11 பேரும் கூலிக்குச் செல்வோர் வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் எவரும் "பணம் இல்லை" என்று சொல்லவில்லை. ஒருவர் பாட்டிக்கு உடல்நலமில்லை என்றார். ஒருவர் மலை தனக்கு ஒவ்வாது என்றார். ஒருவர் கடலைக்காட்டுக் காவல் என்றார். நிருவாகத்திடம் கேட்டபோது, கட்டணம் செலுத்தாதோர் அவ்விரு நாளும் பள்ளிக்கு வந்து படிக்கலாம் என்று விடை கிடைத்தது.

இதனைக் கேட்ட எங்கள் தமிழாசிரியர் ஐயா அன்று பாடம் நடத்தவில்லை. கரும்பலகையில் செலவுக் கணக்கை எழுதினார். "இதில் பெரிய செலவு எது?" என்று கேட்டார். வேன் என்றோம். "கால் இருக்கும்போது வேன் எதற்கு?" என்றார். அடுத்து உணவு. "எங்கள் வீட்டில் நிலக்கடலை உண்டு", "எங்கள் வீட்டில் கேழ்வரகு மாவு உண்டு", "எங்கள் தோட்டத்தில் கிழங்கு பிடுங்குகிறார்கள்" என்று குரல்கள் எழுந்தன. பணம் இல்லாதிருந்த நண்பர்களின் குரலே அவற்றுள் ஓங்கி ஒலித்தது. கணக்கு முடிந்தபோது தலைக்கு வேண்டியிருந்தது பேருந்துக் கட்டணம் மட்டுமே. பாட்டியும் நலமடைந்தார், மலையும் ஒத்துக்கொண்டது. 42 பேரும் பெயர் கொடுத்தோம்.

மற்றொரு தடையும் இருந்தது. கிறித்தவப் பள்ளி பிள்ளைகளை மலைக்கு அழைத்துச் சென்று சமயம் மாற்றிவிடுமோ என்னும் ஐயம் சில வீடுகளில் எழுந்தது. ஆசிரியர் சினங்கொள்ளவில்லை. "ஐயமுடையவர் உடன் வரட்டும்" என்றார். அப்படி வந்தவர் எங்கள் இசுலாமிய நண்பர் ஒருவரின் அத்தா. திருமண வீடுகளில் சமைக்கும் பண்டாரி அவர். "வெறுங்கையோடு எப்படி வருவேன் வாத்தியாரய்யா" என்று தம் தேக்சாவையும் கொண்டுவந்துவிட்டார்!

முன்னே நடந்தவர்

சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளி அடிவாரம் சேர்ந்தோம். மலைச்சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. நாங்கள் சாலையை விட்டு மலைமக்கள் நடக்கும் ஒற்றையடிப் பாதையில் ஏறினோம். ஏறுமுன் ஆசிரியர் விதித்த விதி ஒன்றே: எங்களுள் மெதுவாக நடப்பவர் முன்னே செல்ல வேண்டும்; எவரும் அவரை முந்தக் கூடாது. இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் சூம்பிய நண்பர் எங்களிடையே இருந்தார். விளையாட்டு நேரங்களில் எங்கள் சட்டைகளுக்கும் பைகளுக்கும் காவலிருந்தவர் அவர். அன்று 41 பேர்க்கும் அவரே தலைவர். அவர் நின்றால் நின்றோம். அவர் நடந்தால் நடந்தோம். முதல் ஒரு மணி நேரம் ஓடத் துடித்த கால்களுக்கு அது பெருந்தண்டனையாக இருந்தது. பிறகுதான் மெல்ல நடப்போர் காணும் மலை வேறு என்பது தெரிந்தது. எந்தப் பாறையில் நிழல் உண்டு, எந்த வளைவில் காற்று வரும், எங்கே கால் வைத்தால் கல் உருளும் என்பவற்றை அவர் எங்களுக்குச் சொல்லிக்கொண்டே ஏறினார்.

தேக்சாவை ஒரு மூங்கில் கழியில் கோத்து இருவர் தோளில் சுமந்தனர். சுமையை மாற்றிக்கொள்ள இணைகளை ஆசிரியரே அமைத்தார். எந்த இரு தெருக்கள் எங்கள் ஊர்களில் ஒன்றையொன்று பாராதிருந்தனவோ, அத்தெருப் பிள்ளைகளை ஒரே கழியின் இரு முனைகளில் நிறுத்தினார். கழி சுமப்போர் இருவரும் ஒரே அடியாக நடக்க வேண்டும். ஒருவர் விரைந்தால் மற்றவர் தோள் தேயும். "கொஞ்சம் நில்லு", "இப்போ போ" என்று சொல்லிக்கொள்ளாமல் ஒரு படியும் ஏற இயலாது. பேசாதிருந்த தெருக்கள் அன்று பேசின. ஒற்றுமை பற்றி ஆசிரியர் ஒரு சொல்லும் உரைக்கவில்லை.

காலையில் தொடங்கிய ஏற்றம் பிற்பகலில் முடிந்தது. சிறு பள்ளிக்கூடம் ஒன்றின் தாழ்வாரத்தில் தங்கினோம். அருகில் ஓடை. நீரெடுக்கச் சென்ற எங்களை அவ்வூர் முதியவர் ஒருவர் தடுத்தார். "மேலே குடிக்கத் தண்ணி, நடுவிலே ஏனம் கழுவ, எல்லாத்துக்கும் கீழே குளிக்க. ஓடை நம்மளோட முடியறதில்லை சாமி, கீழே இருக்கிறவங்களும் குடிக்கணும்" என்றார். அந்தக் 'கீழே இருக்கிறவர்கள்' மலையடிச் சமவெளியில் வாழும் எங்களைப் போன்றோரே என்பதை எண்ணி வியந்தோம்.

ஒரு பந்தி

இறைச்சி வேண்டாம் என்பது முன்னரே முடிவாகியிருந்தது. "எல்லாரும் உண்ணக்கூடியது எது?" என்பதே ஆசிரியர் கேட்ட கேள்வி. மலையில் விளைந்த சாமையை வாங்கி, பண்டாரி தக்காளியிட்டுச் சமைத்தார். மூடியின்மேல் தணலைக் கொட்டித் 'தம்' போட்டார். கல் பொறுக்கியவர் ஒரு தெரு. வெங்காயம் அரிந்தவர் ஒரு தெரு. விறகு கொணர்ந்தவர் ஒரு தெரு. தேக்சா திறந்தபோது எழுந்த மணத்திற்குச் சாதியும் இல்லை, சமயமும் இல்லை.

மாலையில் பண்டாரியும் எங்கள் இசுலாமிய நண்பர்களும் தொழுதனர். அவர்கள் கைகால் கழுவ நீர் மொண்டு ஊற்றியவர்கள் பிற நண்பர்கள். தொழுகை முடியும்வரை ஆசிரியர் எங்களைப் பேசாதிருக்கச் செய்தார். பின்னர்க் கிறித்தவ நண்பர்கள் செபித்தபோது பண்டாரி எழுந்து போய் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து அமைதியாக அமர்ந்தார். மறுநாள் அறப்பளீசுவரர் கோயிலுக்குள் செல்ல விரும்பியோர் சென்றனர். ஏனையோர் வெளியே செருப்புகளைக் காத்தனர். எவரும் எவரையும் தம் பக்கம் அழைக்கவில்லை. எவர் பக்கமும் எவர்க்கும் அச்சம் தரவில்லை. பண்டாரியின் ஐயம் எப்போது நீங்கிற்று என்பதை நாங்கள் கேட்கவில்லை. அடுத்த ஆண்டும் தேக்சா வந்தது.

இரவில் தீயைச் சுற்றி அமர்ந்தபோது ஆசிரியர் புறநானூற்றுக் காட்சி ஒன்றைச் சொன்னார். வல்வில் ஓரி ஆண்ட மலையல்லவா அது! வன்பரணர் பாடிய 152ஆம் பாடல். வறுமையுற்ற பாணர் கூட்டம் காட்டில் வேடன் ஒருவனைக் காண்கிறது. அவன் தன் வேட்டைப்பொருளைச் சமைத்து ஊட்டி, பொன்னும் மணியும் ஈந்து, தன் நாடு இன்னது, பெயர் இன்னது என்று கூறாமலே நிற்கிறான். அவனே ஓரி என்பது குறிப்பால் தெரிகிறது. "வந்தவர் யார் என்று அவன் கேட்கவில்லை, தான் யார் என்றும் சொல்லவில்லை. சோறு முதலில், பெயர் பிறகு" என்றார் ஆசிரியர். தேர்வுக்காக நாங்கள் பல பாடல்களை மனப்பாடம் செய்திருந்தோம். அவற்றுள் ஒன்றும் அன்றுபோல் எங்கள் உள்ளத்துள் இறங்கியதில்லை.

இறங்கிய பின்

மலையில் ஒன்றாய் இருத்தல் எளிது. அங்கே பார்ப்பவர் இல்லை, தெரு இல்லை, பாட்டன் வகுத்த முறை இல்லை. சத்திரத்திலும் அவ்வாறே. உண்மையான தேர்வு சமவெளியில்தான் இருந்தது. அது விரைவிலேயே வந்தது.

பங்குனித் திருவிழாவின்போது எங்களுள் ஒருவர் தம் வீட்டிற்கு நண்பர்களை அழைத்தார். தேக்சாக் கழியின் மறுமுனையைச் சுமந்த நண்பரும் அவர்களுள் ஒருவர். திண்ணையில் அமர்ந்தோம். வீட்டுப் பாட்டி எல்லார்க்கும் பித்தளைச் சொம்பில் நீர் கொணர்ந்தார். அந்த ஒரு நண்பருக்கு மட்டும் தனியே ஓர் அலுமினியக் குவளை. ஒருவரும் பேசவில்லை. அழைத்த நண்பர் எழுந்தார். அலுமினியக் குவளையைத் தாம் எடுத்துப் பருகினார். சொம்பைக் கழி சுமந்த நண்பரின் கையில் கொடுத்தார். பாட்டி ஒரு கணம் நின்றார். பின்னர் உள்ளே சென்றுவிட்டார். அன்று அவ்வீட்டில் எங்களுக்கு இலை விழவில்லை. அடுத்த ஆண்டுத் திருவிழாவில் விழுந்தது. ஒரே வரிசையில், எல்லார்க்கும் விழுந்தது. இடைப்பட்ட ஓராண்டில் அவ்வீட்டிற்குள் என்னென்ன பேச்சு நடந்தது என்பதை அந்நண்பரே அறிவார். இரண்டு நாள் பயணம் அவ்வளவையும் செய்துவிட்டது என்று நாங்கள் கூறோம். ஆனால் அக்குவளையை எடுக்க அவர் கை நீண்டதே, அந்த நீட்சி கழி சுமந்த தோளிலிருந்து தொடங்கியது என்பதில் எங்களுக்கு ஐயமில்லை.

இளையோர்க்கு

இன்று எங்களுள் பலர் ஐம்பதைக் கடந்துவிட்டோம். லாரிப் பட்டறை, கோழிப்பண்ணை, சவ்வரிசி ஆலை, ஆசிரியப்பணி எனப் பல துறைகளில் இருக்கிறோம். எங்கள் பிள்ளைகளும் பள்ளிப் பயணம் செல்கின்றனர். பேருந்துக்குள்ளேயே பாட்டும் படமும் ஓடுகின்றன. சென்ற இடத்தில் உணவு விடுதிக்காரர் பரிமாறுகிறார். ஆளுக்கொரு கைப்பேசியில் ஆளுக்கொரு படம். சென்று வருகின்றனர், சேர்ந்து வருகின்றனரா என்பதே வினா.

சிறுபான்மையினர் கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையை நம் அரசமைப்பின் 30ஆம் பிரிவு வழங்குகிறது. அவ்வாறு நிறுவப்பட்ட கிறித்தவப் பள்ளிகளிலும் இசுலாமியக் கல்லூரிகளிலும் எல்லாச் சமயப் பிள்ளைகளும் பயில்கின்றனர் என்பது தமிழகத்தின் தனிச்சிறப்பு. 1969இல் தொடங்கப்பெற்ற நாட்டு நலப்பணித் திட்டம் கல்லூரி மாணவரைச் சிற்றூர்களில் முகாமிடச் செய்கிறது. அம்முகாம்களுக்குச் செல்லும் இளையோர்க்கும் அவர்களை அழைத்துச் செல்லும் பேராசிரியர்க்கும் எங்கள் பட்டறிவிலிருந்து சில சொல்வோம். கட்டணம் கேட்குமுன் வாராதோர் யாவர் என்று எண்ணுங்கள். அவர்கள் சொல்லும் காரணத்தின் பின்னுள்ள காரணத்தையும் எண்ணுங்கள். மெதுவாய் நடப்பவரை முன்னே விடுங்கள். சுமையை இருவர் சேர்ந்தன்றித் தூக்க முடியாதபடி அமையுங்கள். எல்லாரும் உண்ணக்கூடியதைச் சமையுங்கள். சென்ற ஊரின் முதியவர் சொல்லுக்குச் செவி கொடுங்கள். ஒற்றுமை பற்றிய சொற்பொழிவைக் கூடுமானவரை தவிருங்கள்.

சத்திரத்தில் ஓர் இரவு தங்கியோர் விடிந்ததும் பிரிவர், அது இயல்பு. ஆனால் ஒரே கழியைச் சுமந்தோர் எங்கே பிரிந்தாலும், ஒருவர் தோளின் தேய்வை மற்றவர் அறிவர். கல்வி நிலையங்கள் ஆக்கித் தரவேண்டிய உறவு அதுவே.